ஆச்சுங்க என்று நான் படித்த தீர்ப்பு

சென்னையில் உட்கார்ந்தபடியே ஜெர்மன் மொழியை மிரட்டிப் பணிய வைத்துவிட்டு, அடுத்த மாதம் அந்த தேசத்துக்கே போய் நேரில் மிரட்டக் கிளம்பும் என் கண்ணுவுக்கு, திருப்பூரில் பனியன் துணி பின்னும் எட்டு நிட்டிங் மெஷின்களின் ஏகச் சக்கரவர்த்தியும், நொய்யல் ஆற்றின் இரு கரைகளுக்கும் வாய்மொழிச் சொந்தக்காரனுமாகிய உன் பெரியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. எனக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. நாற்பது வருடம் மெஷின் சத்தத்தில் நின்ற காது அல்லவா. போன வாரம் இடி இடித்தபோது யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்துபோய்த் திறந்து, மழையை உள்ளே வரச் சொன்னேன். உன் பெரியம்மா இதைப் பொய் என்பாள். பாதிதான் பொய்.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டாலும் ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். தபால்காரர் படித்தாலும் சரி, உன் விடுதித் தோழிகள் படித்தாலும் சரி. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அச்சேறும் முன் திருத்துவதற்காக எடுத்த உன் புத்தகத்தின் மெய்ப்புப் பிரதி போன திங்கட்கிழமை வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட சிறுகதைகளில் தண்டனையும் நீதியும் என்று, தலைப்பைப் படிக்கவே எனக்கு இரண்டு டம்ளர் காப்பி தேவைப்பட்டது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். நடுவில் ஒரே ஒரு வரி இருந்தது. நீதி என்றால் என்னவென்று எனக்குக் காட்டிய பெரியப்பாவுக்கு. உனக்கு நாலு வயதாக இருக்கும்போது என் தம்பி, அதாவது உன்னைப் பெற்றவன், போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து உன்னை வளர்த்ததற்கு எனக்குக் கிடைத்த பட்டங்களில் இதைவிடப் பெரியது இல்லை. ஆனால் அதைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். "ஏனுங்க, புள்ள உங்களப் பத்தி நல்லதாத்தான எழுதியிருக்குது? வெளக்கெண்ணெ குடிச்சாப்பல மூஞ்சிய வெச்சிருக்கீங்க?" என்றாள் உன் பெரியம்மா. அந்த வரி அச்சில் ஏறக் கூடாது, கண்ணு. எடுத்துவிடு என்று ஒரு தந்தி அடித்திருக்கலாம். ஆனால் நீ ஏன் என்று கேட்பாய். நாலு வயதிலேயே, பனியனுக்கு ஏன் கழுத்தில் மட்டும் பெரிய ஓட்டை என்று கேட்டவள் நீ. அதனால் ஏன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

உன் கட்டுரைகளை மூன்று முறை படித்தேன். முதல் முறை தூங்கிப்போனேன். இரண்டாம் முறை கோபம் வந்தது. மூன்றாம் முறைதான் உட்கார்ந்து படித்தேன். அந்தக் கதைகளில் தண்டனை முதலில் வருகிறது, குற்றம் பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது என்று எழுதியிருக்கிறாய். சட்டம் இருக்கிறது, ஆனால் அதைத் தண்டனை வாங்குபவன் படிக்க முடியாது. தீர்ப்பு சொல்பவன் சட்டத்தைவிடத் தன் கருவியின் மேல் பெருமை கொண்டவன். கடைசியில் குற்றவாளியே, ஆமாம் நான்தான் என்று தலையைக் குனிந்துகொள்கிறான். இதற்கெல்லாம் காரணமாக நீ புதிதாய் முளைத்த பெரிய நகரங்களையும், அலுவலகங்களையும், காகிதக் கட்டுகளையும், வீட்டில் அரசன் போல் உட்கார்ந்திருந்த தகப்பன்மார்களையும் காட்டுகிறாய். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றை நீ விட்டுவிட்டாய். அந்தக் கதைகளில் தீர்ப்பு சொல்பவனுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும். அவன் கொடுமைக்காரனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில், நீ பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது, நம் கம்பெனிக்கு ஒரு ஜெர்மன் மெஷின் வந்தது உனக்கு நினைவிருக்கலாம். பம்பாயில் எவனோ ஓட்டிக் களைத்து விற்றது. ஊருக்கெல்லாம் நான் சொன்னது வேறு. அந்த மெஷினை என் பேருக்காகவே ஜெர்மனியில் வார்த்தார்கள் என்றும், அது கப்பலில் ஏறியதும் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்ததால் மறுபக்கம் இரண்டு யானைகளை நிறுத்தினார்கள் என்றும் சொன்னேன். அதோடு தடியாய் ஒரு புத்தகம் வந்தது, முழுக்க ஜெர்மனில். மெஷினின் கைப்பிடிக்கு மேலே சிவப்புத் தகடு ஒன்று இருந்தது. பெரிதாக ஒரு சொல், அதன் கீழே பொடி எழுத்தில் நாலு வரி. எழுத்துகள் இங்கிலீஷ் எழுத்துகள்தான். அந்தப் பெரிய சொல்லை ஆட்களெல்லாம் சுற்றி நிற்க எழுத்துக்கூட்டிப் படித்தேன். "ஆச்... துங்... ஆச்சுங்! அட, ஆச்சுங்க! கடைசி எழுத்து மட்டும் தேஞ்சு போச்சுடா!" என்றேன். அவ்வளவுதான், கம்பெனியே கைதட்டியது. ஜெர்மன்காரனும் நம் பக்கத்து ஆள்தான், மரியாதை தெரிந்தவன், மெஷினைச் செய்து முடித்துவிட்டு, எல்லாம் ஆச்சுங்க என்று எழுதி அனுப்பியிருக்கிறான் என்று விளக்கவுரையும் கொடுத்தேன். அன்றிலிருந்து மெஷினுக்கே ஆச்சுங்க என்று பெயர். ஆயுத பூஜைக்கு அந்தத் தகட்டுக்குத்தான் முதல் சந்தனம், முதல் குங்குமம்.

எனக்கு ஜெர்மன் தெரியும் என்று அதன் பிறகு ஊர் முழுக்க நம்பியது. நான் மறுக்கவில்லை. அந்தத் தடிப் புத்தகம் என் மேஜை மேல் ஏறியது. யாராவது லீவு கேட்டால் புத்தகத்தைத் திறப்பேன். "ஜெர்மன்காரன் என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? அம்மாவாசைக்கு லீவு கேக்கறவனுக்குக் கிருத்திகைக்கு லீவு கிடையாதுன்னு நூத்திப் பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கான்." எல்லோரும் சிரிப்பார்கள். கேட்டவனும் சிரிப்பான். பிறகு லீவு கொடுத்துவிடுவேன். யாருக்கும் அதில் நஷ்டம் இல்லை என்றுதான் நினைத்தேன்.

பிறகு சனிக்கிழமைக் கோர்ட்டு வந்தது. வாரக் கடைசியில் மெஷின்களைத் துடைத்து முடித்ததும், மதியச் சாப்பாட்டுக்கு முன், நூல் மூட்டை ஒன்றைத் துணி வெட்டும் கட்டிங் மேஜை மேல் ஏற்றி அதன் மேல் நான் உட்காருவேன். கையில் நூல் சுற்றி வரும் அட்டைக் கோன், காலியானது, அதுதான் சுத்தியல். அந்த வாரம் தப்பு செய்தவர்களை நிறுத்தி விசாரிப்பேன். துணியில் எண்ணெய்க் கறை விட்டவன் ஒரு பாட்டுப் பாட வேண்டும். ஓவர்லாக் தையலில் கையையும் கழுத்தையும் மாற்றித் தைத்தவன் அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு சாப்பாடு முடியும்வரை உட்கார வேண்டும். துணியில் ஓட்டை விட்ட நிட்டிங்காரன் அந்த ஓட்டைப் பனியனோடு தெருமுனை டீக்கடை வரை போய் வர வேண்டும். பக்கத்துக் கம்பெனி ஆட்களெல்லாம் மதில் மேல் ஏறி நின்று பார்ப்பார்கள். நீயும் ஒருமுறை என் மடியில் உட்கார்ந்து, கோனால் மேஜையைத் தட்டி, "பாட்டுப் பாடுங்க!" என்று தீர்ப்புச் சொன்னாய். உன் சமர்ப்பண வரி அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். உனக்கு நினைவிருப்பது அந்தச் சனிக்கிழமைகள். நீ பார்க்காத ஒரு சனிக்கிழமை இருக்கிறது.

ஆச்சுங்க மெஷினை ஓட்டியவர் மாரப்பன். கொமரலிங்கத்துக்காரர். அமராவதிக் கரையில் வயல் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்து நிட்டிங் பழகியவர். அதிகம் பேச மாட்டார். என் கோர்ட்டில் அதுவரை ஒருமுறைகூட நின்றதில்லை. திடீரென்று ஆச்சுங்க போட்ட துணியில் ஓட்டை வர ஆரம்பித்தது. ஒரு நாள் அல்ல, மூன்று வாரம். கல்கத்தாவுக்குப் போன சரக்கு முழுக்கத் திரும்பி வந்தது. அந்தச் சனிக்கிழமை மாரப்பனைக் கூப்பிட்டேன். அவர் வந்து நின்றார். மதில் மேல் தலைகள் எண்ண முடியாது.

"என்ன மாரப்பா, துணி போடச் சொன்னா மீன் வலை போட்டு வெச்சிருக்கே?"

சிரிப்பு.

"நான் ஒண்ணும் பண்ணலீங்க மொதலாளி. ஊசிய ஒருக்கா பாருங்க. ஓட்டை ஒரே வரிசையில வருதுங்க. கை தப்புன்னா அங்கொண்ணு இங்கொண்ணு வருமுங்க."

"ஓ, மெஷின் மேல கேசு போடறியா?"

"கேசெல்லாம் இல்லீங்க. பாருங்கன்னுதான் சொல்றனுங்க."

அவர் சொன்னது அத்தனையும் நியாயம். ஒரே வரிசையில் ஓட்டை வந்தால் ஊசியைத்தான் பார்க்க வேண்டும் என்பது நிட்டிங் பழகி ஒரு மாதம் ஆனவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த மெஷினுக்கு ஊசி பம்பாயிலிருந்து வர வேண்டும். நான் எழுதிப் போட மறந்திருந்தேன். மறந்தேன் என்று அத்தனை பேர் முன்னால் மேஜை மேல் உட்கார்ந்திருக்கும் ஒருவனால் எப்படிச் சொல்ல முடியும்? ஜெர்மன் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னேன். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். படங்கூட இல்லாத பக்கம். விரலை வைத்துக்கொண்டு கணீரென்று படித்தேன். "இந்த மெஷின் தப்புப் பண்ணாது. தப்பு வந்தால் அது ஓட்டுபவன் கையில்தான் இருக்கும்." பிறகு சிவப்புத் தகட்டைக் காட்டினேன். "அவனே எழுதி வெச்சிருக்கான். ஆச்சுங்க! எல்லாம் சரியா ஆச்சுங்க! இதுக்கு மேல சாட்சி எதுக்கு?" கோனால் ஒரு தட்டு. எட்டு நாள் ஓட்டைப் பனியனைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வர வேண்டும், வீட்டுக்கும் அதோடுதான் போக வேண்டும், ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் துணியில் பழுது பார்க்கும் செக்கிங் ஆட்கள் நீலப் பென்சிலால் வட்டம் போட வேண்டும் என்று தீர்ப்பு. டீக்கடை வரை என்றிருந்ததை எட்டு நாளாக்கியதற்கு என்ன காரணம் என்று இன்றைக்குக் கேட்டால், கூட்டம் அன்றைக்குப் பெரிதாக இருந்தது என்பதுதான் பதில்.

மாரப்பன் தகட்டைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புத்தகத்துலயே போட்டிருக்குங்களா?" என்றார். "போட்டிருக்கு" என்றேன். சட்டையைக் கழற்றிவிட்டு அந்தப் பனியனை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

எட்டு நாளும் அதே பனியனோடு வந்தார், போனார். ஒன்பதாம் நாளும் அதையே போட்டுக்கொண்டு வந்து நின்றார். "ஆச்சே மாரப்பா, கழட்டு" என்றேன், சிரித்துக்கொண்டுதான். "ஓட்டை இன்னும் வந்துட்டிருக்குதுங்க. அப்ப தப்பு இன்னும் போகலீங்களே" என்றார். அவர் கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அதற்குள் ஊர் அவருக்கு ஓட்டை மாரப்பன் என்று பெயர் வைத்துவிட்டது. திருப்பூரில் ஒரு பெயர் விழுந்தால் அது எல்லாக் கம்பெனி வாசலுக்கும் அவனுக்கு முன்னால் போய் நிற்கும். அந்த மாதமே வேலையை விட்டு நின்றுகொண்டார். வேறு எங்கும் நிட்டிங்கில் சேர்க்கவில்லை. திருமுருகன்பூண்டியில் சிலை வேலை நடக்கும் பட்டறை ஒன்றில் கல்லை மெருகு போடும் வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

இனிமேல் சொல்லப் போவதில் யானையும் கிடையாது, கப்பலும் கிடையாது. மாரப்பனுக்குப் பதிலாக ஆச்சுங்கவை ஓட்ட வந்தவர் இஸ்மாயில் பாய், நீ இஸ்மாயில் மாமா என்று கூப்பிடுவாயே, அவர்தான். அவர் கையிலும் ஓட்டை வந்தது. அவர் கோர்ட்டு வரும்வரை காத்திருக்கவில்லை. மெஷினை நிறுத்தி, ஊசிகளைப் பிரித்து, அதில் ஒன்றைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். நுனிக் கொக்கி பாதி தேய்ந்து போயிருந்தது. "மொதலாளி, மாரப்பண்ணன் சொன்னது நெசந்தானுங்க" என்றார். நான் அந்த ஊசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, வேலையைப் பாருங்க" என்றேன். பம்பாய்க்கு எழுதினேன், புது ஊசி வந்தது, ஓட்டை நின்றது. மாரப்பன் போய் அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பூண்டி இங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். நான் போகவில்லை. சனிக்கிழமைக் கோர்ட்டை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்தினேன். ஏன் என்று கேட்டவர்களிடம், ஹைகோர்ட்டில் பொறாமைப்படுகிறார்கள் என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் நீ ஆயுத பூஜை லீவுக்கு வந்தாய். அப்போது உனக்கு ஜெர்மன் பிடிபட்டிருந்தது. தகட்டின் மேல் அப்பியிருந்த குங்குமத்தைத் துணியால் துடைத்துவிட்டுப் படித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "பெரியப்பா, இது ஆச்சுங்க இல்ல, ஆஹ்டுங்! எச்சரிக்கைன்னு அர்த்தம்! ஜாக்கிரதைன்னு போட்டிருக்காங்க!" கீழே இருந்த பொடி எழுத்தையும் படித்துச் சொன்னாய். துணியில் ஒரே வரிசையில் பழுது வந்தால் உடனே மெஷினை நிறுத்தி ஊசிகளை மாற்று, மாற்றாமல் ஓட்டாதே என்று இருந்தது. எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விடச் சத்தமாக நான் சிரித்தேன். இஸ்மாயில் பாய் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய். மாரப்பன் அப்பாவி என்பது எனக்கு அப்போதே ஒன்பது வருடமாகத் தெரியும். நீ படித்துச் சொன்னதால் தெரியவந்தது அல்ல. ஆனால் அன்றுவரை எனக்கு ஒரு சாக்கு இருந்தது. எனக்கு அந்த பாஷை தெரியாதே, அவன் உண்மையிலேயே புத்தகத்தில் அப்படி எழுதியிருந்தாலும் எழுதியிருக்கலாமே என்று. மாரப்பன் சொன்ன அதே வார்த்தை அவர் தலைக்கு மேலேயே எழுதியிருந்தது, அதைக் காட்டித்தான் நான் அவரைத் தண்டித்தேன் என்று தெரிந்த பிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகும் இரண்டு வருடம் சும்மா இருந்தேன். உன் சமர்ப்பண வரி வராதிருந்தால் இன்னும் இருபது வருடம் இருந்திருப்பேன், கண்ணு. அந்த அளவுக்கு நல்லவன்தான் நான்.

வியாழக்கிழமை காலையில் பூண்டிக்குப் போனேன். மாரப்பன் வீட்டு வாசலில் உட்கார்ந்து சின்ன நந்தி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மொதலாளி, வாங்க" என்று தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அந்தத் துண்டை அவர் இறக்கிக் கட்டியதைப் பார்த்ததும் வந்த விஷயத்தை உடனே சொல்லிவிட்டேன். தகட்டில் என்ன எழுதியிருந்தது, ஊசி தேய்ந்திருந்தது, எனக்கு அப்போதே தெரியும், புத்தகத்தில் நான் படித்தது பொய், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லீங்க மொதலாளி. ஊசி மட்டும் இல்லீங்க. நான் யோசிச்சுப் பாத்துட்டேனுங்க. நூல் அத்துப்போச்சுன்னா முடிச்சுப் போடுவமல்லங்க, அத நான் கொஞ்சம் தடிப்பாப் போடுவனுங்க. அதுல ஓட்டை வுழுந்திருக்குமுங்க. அப்புறம் அந்த மாசம் எண்ணெ வுட ஒரு நாள் மறந்துட்டனுங்க. அதும் ஒரு காரணமுங்க."

"மாரப்பா, தடிமுடிச்சால ஒரே வரிசையில ஓட்டை வராதுய்யா. நீதான அன்னிக்குச் சொன்னே?"

"அன்னிக்குத் தெரியாமச் சொல்லிட்டனுங்க. மொதலாளி அத்தன பேரு முன்னால ஒண்ணு சொல்றாருன்னா, நம்ம மேல ஏதோ ஒண்ணு இல்லாமயா இருக்குமுங்க?"

உன் கட்டுரையில் நீ எழுதியிருந்த இடம் இதுதான். தலையைக் குனிந்துகொள்ளும் இடம். படிக்கும்போது, ஜெர்மன்காரர்கள் இப்படியும் ஒரு ஆளைக் கற்பனை செய்வார்களா என்று நினைத்தேன். பதினோரு வருடமாக ஒரு மனிதர் கல்லைத் தேய்த்துக்கொண்டே தனக்கான குற்றத்தையும் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கொடுத்த எட்டு நாளை எட்டு நாளில் முடிக்க அவருக்குத் தெரியவில்லை. அதை முடித்து வைக்க நான் போனால், வேண்டாங்க, என்னிடமே இருக்கட்டும் என்கிறார்.

அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி பழனியாள் வந்தார். கையில் முறம். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"ஏனுங்க மொதலாளி, தண்டன எங்க குடுத்தீங்க?"

"கம்பெனியிலதான்."

"கம்பெனியில, மதிலு நெறைய ஆள ஏத்தி வெச்சு. வீதி வீதியா இவரு நடந்தாரு. குத்தமில்லீன்னு மட்டும் எங்க ஊட்டு வாசல்ல வந்து மொணமொணன்னு சொல்லிட்டுப் போவீங்களா? என்ற மகளப் பொண்ணு பாக்கக் காங்கயத்துல இருந்து வந்தாங்க. பஸ்ஸு விட்டு எறங்கி என்ன கேட்டாங்க தெரியுமுங்களா? 'ஓட்டை மாரப்பன் ஊடு எது'ன்னு கேட்டாங்க. கேட்டுட்டு, அது என்ன பேருன்னும் கேட்டாங்க. அப்புறம் வரவே இல்லீங்க."

"பழனியா, சும்மா இரு. மொதலாளி ஊடு தேடி வந்திருக்காரு" என்றார் மாரப்பன்.

"நீங்க சும்மா இருங்க. பதினோரு வருசம் சும்மாத்தான இருந்தீங்க. மொதலாளி, அவரு ஒத்துக்கிட்டா உங்களுக்குத் தீந்து போச்சுங்களா? எனக்குத் தீரல. எங்க சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க."

நான் எத்தனையோ வக்கீல்களைக் கேட்டிருக்கிறேன், கண்ணு. இப்படி ஒரு வாதம் கேட்டதில்லை. சரி என்று எழுந்து வந்தேன். அன்று சாயங்காலமே ஒரு முழுத் தாளில், மாரப்பன் குற்றமற்றவர், ஊசி தேய்ந்திருந்தது, நான் தெரிந்தே பொய்த் தீர்ப்புச் சொன்னேன் என்று பெரிய எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கம்பெனி கேட்டில் என் கையாலேயே ஒட்டினேன். காலையில் ஷிப்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் நின்று படித்தார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் படித்துவிட்டுச் சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் முதுகில் தட்டினான். கொஞ்ச நேரத்தில் வாசலே சிரிப்பாக இருந்தது. இஸ்மாயில் பாய் உள்ளே வந்தார்.

"மொதலாளி, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா ஒருத்தனும் நம்பலீங்க. ஆயுத பூஜைக்கு நாடகம் போடறாரு, அதுக்கு நோட்டீசுங்கறாங்க. டீக்கடையில ஒருத்தன், கப்பல் சாஞ்ச கதையவிட இது நல்லா இருக்குதுன்னான்."

"நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா பாய்?"

"சொன்னனுங்க. உங்களுக்கும் நாடகத்துல வேசமான்னு கேக்கறாங்க."

நாற்பது வருடமாக நான் இந்த ஊருக்கு ஊட்டி வளர்த்த பொய்களெல்லாம் ஒன்றுசேர்ந்து என் ஒரே மெய்யை வாசலில் வைத்துச் சாப்பிட்டுவிட்டன. பொய்யாகத் தீர்ப்புச் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னபோது கைதட்டுகிறது. இதற்கு உன் ஜெர்மன் கதைகளில் ஒரு கதை இருந்தால் எனக்கு எழுது. இல்லாவிட்டால் அவர்கள் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

இப்போது உன்னிடம் கேட்பதைக் கேட்கிறேன். முதலாவது, அந்த வரியை எடுத்துவிடு. அதற்குப் பதிலாக மாரப்பன் பேரைப் போடலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அவர் சம்மதம் இல்லாமல் அவருக்கு இன்னொரு பெயர் சூட்ட நமக்கு உரிமை இல்லை. பக்கத்தை வெறுமனே விட்டுவிடு. அடுத்தது இதைவிடக் கஷ்டம். நீ கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை ஊருக்கு வா. இந்த ஊரில் என் வார்த்தையை நம்ப ஆள் இல்லை. உன் வார்த்தையை எல்லோரும் நம்புவார்கள். நிஜமாகவே ஜெர்மன் படித்தவள், ஒருநாளும் கூட்டிப் பேசாதவள், மேஜை மேல் ஏறிப் பழக்கமில்லாதவள். மெஷின்களைத் துடைத்து முடித்த பிறகு, மதில் மேல் ஆட்கள் ஏறிய பிறகு, அந்தத் தகட்டின் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்து அர்த்தம் சொல். பிறகு என் பெரியப்பா தெரிந்தே ஒரு குற்றமற்றவரைத் தண்டித்தார் என்று சொல். நான் பக்கத்தில் நிற்கிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசினால் அது வேடிக்கையாகிவிடும்.

உனக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். வளர்த்தவனைக் கூட்டத்தில் நிறுத்திக் குற்றவாளி என்று சொல்வது யாருக்கு இனிக்கும்? நீ எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை சேர்க்க நினைப்பாய், அந்தக் காலம் அப்படி, அவர் மனசு நல்லது, அப்படி ஏதாவது. சேர்க்காதே. நாளைக்கு நீ அந்த தேசத்தில் ஆசிரியையாவாய், பரீட்சைத் தாள் திருத்துவாய், எவனோ ஒருவன் உன் முன்னால் வந்து நின்று, நான் பண்ணலீங்க, ஊசிய ஒருக்கா பாருங்க என்று அந்த பாஷையில் சொல்வான். அப்போது உன்னைச் சுற்றி யாராவது சிரித்துக்கொண்டிருந்தால், முதலில் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, போய் ஊசியைப் பார். எனக்குத் தெரிந்த நீதி அவ்வளவுதான், அதையும் நான் செய்ததில்லை.

மாரப்பனிடம் மறுபடி போய் இந்த ஏற்பாட்டைச் சொன்னேன். அவர் வர மாட்டாராம். அன்றைக்குப் பட்டறையில் வேலை இருக்கிறதாம், புள்ளைக்கு எதுக்குங்க சிரமம் என்கிறார். பழனியாள் வருகிறார். மகளையும் கூட்டிக்கொண்டு வருவாராம். கட்டிங் மேஜைக்கு நேர் முன்னால் நிற்க இடம் வேண்டும் என்று கேட்டார். ஒதுக்கியிருக்கிறேன்.

உன் பெரியப்பன்